கையடக்க நிறமாலைமானியுடன் ஒரு செய்முறை வகுப்பு

நிறமாலைமானி, ஒரு கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. நான்கு மாணவருக்கு ஒரு கருவி என்று வையுங்கள். கூட்டம் கூடினால் ஒருவர் கருவியை இயக்குவார், மற்றவர்கள் எண்ணைப் பார்த்து எழுதுவார்கள். வகுப்பு அத்தோடு சரி.

குளிரூட்டிய அறையில் இருந்த கருவியைத் திறந்த வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், கொழும்பின் ஈரக்காற்றில் வில்லையிலும் குவெட்டிலும் (கரைசல் வைத்து அளக்கும் சிறு கலம்) நீர் படியும். உறையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். யன்னலோர மேசையையும் தவிருங்கள்.

முதலில் அலைநீளத்தைச் சரிபாருங்கள். பழைய சி.எஃப்.எல் மின்குமிழ் போதும்: பாதரசத்தின் நீலக்கோடு 435.8 நனோமீற்றரில் விழவேண்டும். எல்.ஈ.டி குமிழில் இந்தக் கோடு கிடையாது.

0.158 கிராம் பொற்றாசியம் பரமங்கனேற்றை 1 லீற்றர் வடிநீரில் கரைத்தால் 1 மில்லிமோலர் கரைசல். அதில் 5, 10, 15, 20 மில்லிலீற்றரை தனித்தனி 50 மில்லிலீற்றர் கனமானக் குடுவைகளில் இட்டு, குறிவரை வடிநீரால் நிரப்புங்கள். அன்றே கரைத்து அன்றே பயன்படுத்துங்கள். நீரில் சேதன அழுக்கு இருந்தால் கபிலநிற மங்கனீசீரொட்சைட்டு உண்டாகி அடிக்கோட்டை உயர்த்தும். 700 நனோமீற்றரில் அகத்துறிஞ்சல் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) பூச்சியத்தை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். குவெட்டில் ஒட்டிய கறை ஐதான ஒக்சாலிக்கமிலத்தில் போய்விடும்.

எண்ணுக்கு முன் முழு நிறமாலையைக் காட்டுவதே எங்கள் விருப்பம். அளவீட்டுக்கு 525 நனோமீற்றரை ஏன் தெரிவுசெய்கிறோம் என்று மாணவரே சொல்லட்டும். வடிநீருடன், கருவி பதியும் ஒளியின் உச்ச எண்ணிக்கை அதன் வரம்பில் 80–90 சதவீதம் வரும்படி ஒளி சேர்க்கும் நேரத்தை அமையுங்கள்; வரம்பைத் தொட்டால் உச்சி தட்டையாகி அளவீடு பொய்க்கும். பிறகு ஒளியை மறைத்து இருட்டு அளவீடு, அடுத்து வடிநீர் ஒப்பீடு. அந்த நேரத்தை மாற்றினால் இரண்டையும் மீண்டும் எடுக்கவேண்டும். விளக்கு மெல்ல மாறுவதால் ஒப்பீட்டை அரை மணிக்கொரு தடவை புதுப்பியுங்கள்.

செறிவு நான்கிலும் அகத்துறிஞ்சல் ஏறத்தாழ 0.24 முதல் 0.96 வரை நேர்கோட்டில் வரும். ஐதாக்காத 1 மில்லிமோலர் மூலக்கரைசலையும் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். கோடு அங்கே வளைந்தால் அதுதான் பாடம். ஒரு சதவீத வழிதவறிய ஒளி (கருவிக்குள் சிதறி உணரியை அடையும் வேண்டாத ஒளி), 2.0 என்ற உண்மையான அகத்துறிஞ்சலை 1.70 ஆகக் காட்டிவிடும். சிறிய கருவிகளில் இது அடிக்கடி நேரும்.

அடுத்த வாரத்துக்குப் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கிய வல்லாரை: அரை கிராம் இலையை 10 மில்லிலீற்றர் 80 சதவீத அசற்றோனில் அரைத்து வடியுங்கள், 663 நனோமீற்றரில் பச்சையத்தின் உச்சி தெரியும். கண்ணாடிக் குவெட்டே வேண்டும், பொலிஸ்ரைரீன் அசற்றோனில் மங்கிவிடும். அகத்துறிஞ்சல் 1-ஐத் தாண்டினால் அதே கரைப்பானால் ஐதாக்குங்கள். வடிதிரவத்தை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து, அன்று பிற்பகலுக்குள் அளந்துவிடுங்கள்.