கப்பலில் ஒரு கிளாஸ் ஒயின் என்ன விலை? காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே கணக்கு போடுவது எப்படி

எங்கள் வீட்டில் குடிப்பது அவர், பில் பார்ப்பது நான். அதனால் இந்தப் பதிவை எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி கப்பல் பயணம் போய் வந்தோம். நாங்கள் இருவர், கொழுந்தனாரும் ஓரகத்தியும் இருவர். திரும்பி வந்ததிலிருந்து சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "டிக்கெட்டில் எல்லாம் சேர்ந்ததுதானே?" சாப்பாடு சேர்ந்தது. குடிப்பது சேராது. ஆம்பூர் பிரியாணி வாங்கினால் கத்திரிக்காய் தொக்கும் வெங்காயப் பச்சடியும் கேட்காமலே வரும். அந்தப் பழக்கத்தில் கப்பலேறினால் முதல் நாளே கை சுடும்.

டிக்கெட்டை மலிவாக விற்று, மிச்சத்தை உள்ளே வைத்து வாங்குவதுதான் இந்தத் தொழில். பெரிய கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் பார்த்தால், வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியேதான் வருகிறது. மது, சூதாட்டம், கரையில் சுற்றிக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் விலையைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், கணக்கு போட்டுக்கொண்டு போனால் போதும். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுலபமாக இருக்க, ஒரு அமெரிக்க டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காசு இல்லாமல் கிடைப்பதை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான கப்பல்களில் பஃபே சாப்பாட்டு இடத்தில் தண்ணீர், டீ, சாதாரண காபி, எலுமிச்சை ஜூஸ், காலையில் மெஷினில் வரும் பழரசம் ஆகியவை இலவசம். கோக், பாட்டில் தண்ணீர், கப்புசினோ மாதிரி காபி, அப்போதே பிழிந்து தரும் ஆரஞ்சு ஜூஸ் இவற்றுக்குக் காசு. கேபினுக்குள் மேஜைமேல் அழகாக ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். அதன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அட்டையில் விலை இருக்கும். வேலூர் வெயிலில் வளர்ந்த கை தானாக மூடியைத் திருகப் பார்க்கும், விட வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு காலி பாட்டில் கொண்டுபோய், பஃபேயில் கிளாஸில் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. இலவச டீ என்பது கோப்பை வெந்நீரில் மிதக்கும் ஒரு பை. பால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நம்மூர் டீக்கடையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 2: விலைப்பட்டியல், அதோடு சர்வீஸ் சார்ஜ்

நம் ஊரில் டாஸ்மாக் கடையை இன்னும் ஒயின் ஷாப் என்றுதான் சொல்கிறோம். அங்கே போய் ஒயின் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. கப்பலில் நிலைமை வேறு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் முதலில் நீட்டுவதே ஒயின் பட்டியலைத்தான்.

டாலரில் வசூலிக்கும் பெரிய கப்பல்களில் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: பீர் 7 முதல் 9 டாலர், ஒரு கிளாஸ் ஒயின் 10 முதல் 15, காக்டெய்ல் 12 முதல் 15, கோக் 4. இதன்மேல் 18 அல்லது 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகவே ஏறும். பட்டியலில் 8 டாலர் என்று போட்ட பீர், பில்லில் 9 டாலர் 44 சென்ட். ரூபாயில் 850. எங்கள் வீட்டுக்காரர் முதல் பீரைக் கையில் எடுத்தபோது நான் இதைச் சொன்னேன். அரை மணி நேரம் வைத்துக் குடித்தார். சில துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது உள்ளூர் வரியும் சேரும்.

உங்கள் கப்பலின் விலைகளை அவர்கள் இணையதளத்திலோ, புக் செய்து கொடுத்தவரிடமோ கேட்டு வாங்கித் தாளில் எழுதுங்கள். என் எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

படி 3: ஒரு நாளைக்கு எத்தனை? உண்மையைச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் எல்லோரும் பொய் சொல்வார்கள். அவரைக் கேட்டபோது, "லீவுதானே, ஏழு எட்டு போகும்" என்றார். வீட்டில் சனிக்கிழமை ராத்திரி மட்டும் எடுப்பவர், அதுவும் இரண்டாவதிலேயே தூங்கிவிடுவார்.

அதனால் பொழுதைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் கப்பலேறி, கேபின் கிடைத்து, பாதுகாப்புப் பயிற்சி முடிவதற்கே சாயங்காலம் ஆகிவிடும். பினாங்கிலும் புக்கெட்டிலும் காலையில் இறங்கினால் திரும்புவது சாயங்காலம். முழுப் பகலும் கடலிலேயே இருக்கும் நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டு நாலு நாளுக்கும் கணக்கு போடுவதுதான் தப்பு.

கடைசியில் அவர் கணக்கு இப்படி நின்றது: மத்தியானமோ சாயங்காலமோ இரண்டு பீர், ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின். எனக்கு இரண்டு கோக். அவருக்கு 8, 8, 12. ஆக 28 டாலர். எனக்கு 8. மொத்தம் 36, சர்வீஸ் சார்ஜ் 18 சதவீதம் சேர்த்தால் 42 டாலர் 48 சென்ட். நாலு நாளைக்கு 170 டாலர், அதாவது 15,300 ரூபாய். குறைவான காசு இல்லைதான். ஆனால் அடுத்த படியைப் பாருங்கள்.

படி 4: டிரிங்க்ஸ் பேக்கேஜ் வேண்டுமா?

நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால், அதற்குள் அடங்கும் எதையும் கேட்டுக் குடிக்கலாம். அதுதான் பேக்கேஜ். விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். எங்களுக்குக் காட்டியது ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 டாலர். அதன்மேலும் 18 சதவீதம், ஆக 88 டாலர் 50 சென்ட்.

வாங்கும் முன் மூன்று விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பயணம் முழுக்க வாங்க வேண்டும். கடலில் இருக்கும் ஒரு நாளைக்கு மட்டும் கொடு என்றால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு, ராயல் கரீபியன், கார்னிவல் போன்றவற்றில் ஒரே கேபினில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் அந்தக் கேபினில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும். மனைவி குடிக்க மாட்டாள் என்று சொன்னால், சில இடங்களில் மது இல்லாத சின்ன பேக்கேஜை அவருக்கு வாங்க விடுவார்கள். ஆனால் போன் போட்டுக் கேட்டால்தான், இணையதளம் தானாகச் சொல்லாது. மூன்று, எல்லை உண்டு. கார்னிவலில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம்தான். வேறு சிலவற்றில் ஒரு கிளாஸின் விலை இன்ன டாலருக்கு மேல் போனால் மிச்சத்தை நாம் கட்ட வேண்டும். நம் பேக்கேஜில் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது எங்குமே கூடாது, பிடித்தால் பேக்கேஜ் போய்விடும்.

இப்போது கணக்கு. பேக்கேஜிலும் 18 சதவீதம், தனித்தனியாக வாங்கினாலும் 18 சதவீதம் என்பதால் அதை இரண்டு பக்கமும் அடித்துவிடலாம். 75ஐ 12ஆல் வகுத்தால் ஆறேகால். அதாவது, தினமும் ஏழு கிளாஸ் ஒயின் குடித்தால்தான் லாபம். பீர் மட்டும் என்றால் பத்து. இல்லை, கலந்து குடிப்பவர் என்றால் 75 டாலருக்கு இப்படி ஆகும்: இரண்டு பீர், இரண்டு ஒயின், ஒரு காக்டெய்ல், இரண்டு கப்புசினோ, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு கோக். இத்தனையும் குடித்தால் போட்ட காசு வந்துவிடும். தினமும், கரைக்கு இறங்கிய நாளிலும்.

கொழுந்தனார் கணக்கு போடவில்லை, பேக்கேஜ் போட்டார். இரண்டு பேருக்கும் நாலு நாளைக்கும் சேர்த்து 708 டாலர், 63,720 ரூபாய். ஓரகத்தி வீட்டில் மோருக்கு மேல் எதையும் தொடாதவள். காசு வீணாகக் கூடாதே என்று பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் கலராக மது இல்லாத பானங்களை நாலு நாளும் வாங்கிக் குடித்தாள். காகிதக் குடைகள் மட்டும் ஒன்பது சேர்ந்தன, ஊருக்குக் கொண்டுவந்து கொலுவில் வைத்தாள். கொழுந்தனாரோ ராத்திரி பத்து மணிக்கு மூன்றாவது கப்புசினோவைக் குடித்துவிட்டு விடிய விடிய மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தார்.

பேக்கேஜ் எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கணவன் மனைவி இருவரும் குடிப்பவர்கள், கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம் என்றால் சரியாக வரும். அப்படியானால் கப்பலேறும் முன்பே இணையதளத்தில் வாங்குங்கள். உள்ளே போய் வாங்கினால் பெரும்பாலும் விலை கூடும். "டிரிங்க்ஸ் இலவசம்" என்று வரும் சலுகையையும் கொஞ்சம் கவனியுங்கள். பேக்கேஜ்தான் இலவசம், அதன் முழு விலைமேல் 20 சதவீத சர்வீஸ் சார்ஜை நம்மிடம் வாங்குவார்கள். 100 டாலர் பேக்கேஜ் என்றால் தினமும் 20 டாலர். நம்மூர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான்.

படி 5: ஒயின் மட்டும் போதும் என்பவர்களுக்கு

முழு பாட்டில் 750 மில்லி. கப்பலில் ஒரு கிளாஸுக்கு ஊற்றுவது ஏறக்குறைய 150 மில்லி. ஆக ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ். கிளாஸ் 12 டாலர் என்றால் ஐந்துக்கு 60. அதே ஒயினின் பாட்டில் 45 டாலருக்குப் பட்டியலில் இருந்தால் பாட்டிலே வாங்குங்கள். "ஒரே நாளில் எப்படிக் குடிப்பது?" என்று பயப்பட வேண்டாம். மிச்சத்தை மூடி, கழுத்தில் கேபின் எண் எழுதிய சீட்டை மாட்டி எடுத்து வைப்பார்கள். மறுநாள் ராத்திரி உட்கார்ந்ததும் அதே பாட்டில் மேஜைக்கு வரும். எங்களுக்கு இது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரரின் பாட்டிலில் எண்ணைப் பார்த்து, அது ஒயினின் வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமே கொண்டுபோகலாமா? பல நிறுவனங்கள், கப்பலேறும் நாளில் மட்டும், பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவர விடுகின்றன. பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தால் கார்க்கேஜ் என்று 15 டாலர் போலக் கேட்கலாம். கேபினிலேயே குடித்தால் பெரும்பாலும் கிடையாது. விஸ்கி, பிராந்தி, ரம் கொண்டுவர அனுமதி இல்லை. கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்வார்கள், பல கப்பல்களில் திருப்பித் தரவே மாட்டார்கள். வழியில் இறங்கும் துறைமுகங்களில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால், பொதுவாக வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள்.

வயசு விஷயம்: தமிழ்நாட்டில் 21. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களிலும் 21. ஆசியாவிலிருந்து கிளம்பும் பல கப்பல்களில் 18. காலேஜ் படிக்கும் பையனைக் கூட்டிப்போகும் அம்மாக்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சீட்டில் கையெழுத்து போடும் முன்

கப்பலில் ரொக்கம் கிடையாது. கேபின் கதவைத் திறக்கும் கார்டையே கொடுத்தால், நம் கணக்கில் ஏற்றிவிட்டு சின்னச் சீட்டு ஒன்றை நீட்டுவார்கள். எங்கள் முதல் சீட்டு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. பீர் 8.00, சர்வீஸ் சார்ஜ் 1.44, மொத்தம் 9.44. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு, கூடுதல் டிப்ஸ் எழுதுவதற்கு. அதற்கும் கீழே இன்னொரு மொத்தம். சர்வீஸ் சார்ஜ் என்பதே டிப்ஸ்தான், அது ஏற்கெனவே ஏறிவிட்டது. எங்களவர் ஹோட்டலில் வைக்கும் பழக்கத்தில் ஒவ்வொரு சீட்டிலும் 2 என்று எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி கேபின் டிவியில் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது சீட்டு, 18 டாலர், 1,620 ரூபாய். ஊற்றிக் கொடுத்த பையன் நல்ல பையன், அதனால் நான் சத்தம் போடவில்லை. அவரிடம் மட்டும் போட்டேன்.

விருப்பப்பட்டு எழுதுங்கள், தெரியாமல் எழுதாதீர்கள். வெற்றுக் கோட்டில் ஒரு குறுக்குக் கோடு இழுத்துவிட்டு, கீழே மொத்தத்தை எழுதுங்கள். நீச்சல் குளத்துப் பக்கம் தட்டில் ஏந்தி வரும் கலர் பானம் இலவசம் இல்லை என்பதையும், அதை நீளமான நினைவுக் கிளாஸில் வாங்கினால் கிளாஸுக்கும் சேர்த்து விலை என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே இலவச ஒயின் வேண்டும் என்றால் ஓவிய ஏலம் நடக்கும் இடத்துக்குப் போங்கள். பல கப்பல்களில் அங்கே நுரைக்கும் ஒயின் சும்மா கொடுப்பார்கள். கையை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.

படி 7: எந்தக் கார்டு?

கேபின் கணக்கில் ஏறியதைக் கட்ட நம் வங்கிக் கார்டு ஒன்றைக் கேட்பார்கள். அதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது கணக்குக்குத் திரும்பி வர நாளாகும். கிரெடிட் கார்டில், வெளிநாட்டுச் செலவுக்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அந்தத் தொகைமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்கள் 15,300 ரூபாய்க்கு இது மட்டும் 632 ரூபாய். "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் டாலரிலேயே என்று சொல்லுங்கள், ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விலை நமக்குச் சாதகமாக இருக்காது.

கடைசிக் கணக்கை இறங்கும் முந்தின ராத்திரியே பார்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் அந்தக் கவுன்ட்டரில் நிற்கும் வரிசை, காட்பாடி ஸ்டேஷனில் தட்கல் டிக்கெட்டுக்கு நிற்பது மாதிரி இருக்கும். நான் ராத்திரி பதினொரு மணிக்குப் போனேன், முன்னால் இரண்டே பேர். திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. பாட்டிலையே கையோடு கொண்டுபோய், மூடியைக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 3 டாலர் 54 சென்ட்டை அடித்துக் கொடுத்தாள்.