கேஸ் பைப் மரை ஜாயிண்ட்டை லீக் இல்லாம டைட் பண்றது எப்படி

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி மெயின் வால்வை மூடுங்க, அடுப்பைப் பத்தவச்சு லைன்ல மிச்சம் இருக்கிற கேஸ் தீர்ந்து தானா அணையட்டும், அப்புறம் அடுப்போட குமிழை மூடிட்டு ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைங்க. ஏற்கனவே கேஸ் வாடை வந்துச்சுன்னா அடுப்பைப் பத்தவைக்கவே கூடாது, லைட் சுவிட்சையும் தொடாதீங்க, வால்வை மூடிட்டு வெளிய போய் கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணுங்க. பல இடங்கள்ல லைசென்ஸ் உள்ள ஆள்தான் கேஸ் லைன்ல கை வைக்கணும்னு சட்டமே இருக்கு, அதையும் முதல்லயே விசாரிச்சுக்கோங்க.

அடுத்து, உங்க ஜாயிண்ட் எந்த வகைன்னு பாருங்க. மரை நுனிக்குப் போகப்போக லேசா ஒடுங்குச்சுன்னா அது டேப்பர் மரை, இதுக்குத்தான் மரையில சுத்துற டேப் வேணும். ஃப்ளேர் நட் (விரிச்ச பைப் முனையை இறுக்கிப் பிடிக்கிற நட்), யூனியன் (ரெண்டு பைப்பைச் சேர்க்கிற, கழட்டி மாட்டக்கூடிய ஜாயிண்ட்), வாஷர் வச்ச ஜாயிண்ட் இதுக்கெல்லாம் மரையில டேப் சுத்தவே கூடாது, ஏன்னா அங்க கேஸை அடைக்கிறது உள்ள ஒண்ணோட ஒண்ணு அழுந்திப் பொருந்துற முகமோ வாஷரோதான், மரை சும்மா இறுக்கிப் பிடிக்க மட்டும்தான்.

பழைய டேப், பிசின், துரு எல்லாத்தையும் வயர் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. இதுல சோம்பல் படாதீங்க, மரைக்குள்ள ஒரு துணுக்கு மாட்டியிருந்தாலும் கேஸுக்கு வழி கிடைச்சிடும்.

டேப் கேஸுக்குன்னே வர்ற மஞ்சள் டெஃப்லான் டேப்பா இருக்கணும், தண்ணி பைப்புக்குப் போடற மெல்லிசு வெள்ளை டேப் வேணாம். பைப்போட வாய் உங்களைப் பார்த்த மாதிரி வச்சு, நுனியில ஒரு மரையை விட்டுட்டு, கடிகார முள் சுத்துற திசையில இழுத்துப் பிடிச்சு ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. திசை மாறுச்சுன்னா முறுக்கும்போது டேப் சுருண்டு வெளிய வந்துடும், நுனியை விடலைன்னா துண்டு உள்ள விழுந்து பர்னர் ஜெட்டை, அதாவது பர்னருக்கு கேஸ் விடற சின்ன துளையை அடைச்சிடும்.

இப்போ கையால முறுக்குங்க. ஆரம்பத்துலயே இறுகுச்சுன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வைங்க. கை நின்ன இடத்துல இருந்து ரெண்டு ஸ்பேனர், ஒண்ணு பைப்பை அசையாம பிடிக்க, இன்னொண்ணு திருப்ப. ஒரே ஸ்பேனரால பலம் போட்டா பின்னாடி இருக்கிற நல்ல ஜாயிண்ட் லூஸாகிடும், இங்கதான் நிறைய பேருக்கு புது லீக்கே ஆரம்பிக்குது. டேப்பர் மரை பொதுவா ஒண்ணரை ரெண்டு சுத்துல நல்லா இறுகிடும், அதுக்கு மேல பலம் போட்டா ஃபிட்டிங்ல விரிசல் விட்டுடும். எல்போ (பைப்பைத் திருப்புற வளைவு ஃபிட்டிங்) நேரா வரலையேன்னு கொஞ்சம் பின்னாடி திருப்பவே கூடாது, அப்படி திருப்பிட்டா கழட்டி புது டேப் போட்டுத்தான் ஆகணும்.

கடைசியா சோப்பு தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விடை தண்ணில கலக்கி, வால்வைத் திறந்துட்டு ஜாயிண்ட்டைச் சுத்தி பிரஷ்ஷால தடவி ரெண்டு நிமிஷம் உத்துப் பாருங்க, சின்ன லீக் டக்குனு காட்டாது, கடுகு சைஸ்ல ஒரு குமிழி மெதுவா ஊதிக்கிட்டு வரும். ஜாயிண்ட்டோட அடிப்பக்கத்தையும் பார்க்கணும். தீக்குச்சி, லைட்டர் வச்சு செக் பண்ற பழக்கம் யாருக்காவது இருந்தா தயவுசெஞ்சு இன்னைக்கே விட்டுடுங்க. குமிழி வந்தா வால்வை மூடிட்டு கழட்டி திரும்ப முதல்ல இருந்து செய்யுங்க, அப்பவும் நிக்கலைன்னா வால்வை மூடியே வச்சிட்டு ஃபிட்டரைக் கூப்பிடுங்க. குமிழி இல்லைன்னா ஈரத்துணியால சோப்பைத் துடைச்சு விடுங்க, அப்படியே காஞ்சா உலோகத்தை அரிக்கலாம்.