குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்பு வைக்காதீங்க

ஊட்டி, கொடைக்கானல்னு போறவங்க நைட்டு பார்பிக்யூ முடிச்சுட்டு, கரி இன்னும் கனகனன்னு இருக்கே, ரூம் சூடாகும்னு அடுப்ப உள்ள தூக்கிட்டு வந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு தூங்கிடுறாங்க, இப்படி உயிரே போயிருக்கு. புகை வராத கரியில இருந்தும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு வரும், வாசனையே கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும். மேல சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி இருந்தாலும் நம்பாதீங்க, வெளியவே விட்டுடுங்க, எக்ஸ்ட்ரா கம்பளி கேட்டா கொடுக்கப் போறாங்க. ரூம்ல எல்லாருக்கும் ஒண்ணா தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்னு வந்தா சாப்பாடு சேரலன்னு படுத்துடாம உடனே வெளிய காத்துக்கு வந்து 108க்கு போன் போடுங்க. வீட்டு பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான், அத வெளிய மாத்துங்க.