குரல் கம்மினால் நாள் எண்ணுங்கள்: தொண்டைப் புற்றுநோயில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

தொண்டைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளில் யாரும் கேள்விப்படாத சங்கதி எதுவும் கிடையாது. குரல் கம்மும். விழுங்கும்போது உறுத்தும். காது வலிக்கும். கழுத்தில் நெறி கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதில் ஏதோ ஒன்று எட்டிப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. சிக்கலும் அதுதான். ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு காரணம் தயாராக இருக்கிறது: சளி பிடித்திருக்கிறது, நேற்று கத்திப் பேசினேன், அசிடிட்டி, டான்சில், தூசி. பெரும்பாலான சமயம் அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். காரணம் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. அதற்கு ஒரு கெடு வைக்காமல் விட்டுவிடுகிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கம்மிய குரலுக்குத் தவணை கொடுத்துக்கொண்டே போவது

சளியோடு வரும் தொண்டைக் கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே விட்டுவிடும். 3 வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் குரல்வளைக்குள் ஒருவர் பார்த்தாக வேண்டும். பிரிட்டனில் பொதுவாக இந்த 3 வாரக் கணக்கைச் சொல்வார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் 4 வாரம் வரை இடம் கொடுக்கிறது. ஆனால் புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி இருப்பவர், மூச்சு சிரமப்படுபவர் என்றால் அந்த 4 வாரமும் கிடையாது, உடனே பார்க்கச் சொல்கிறது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? குரல் நாண்கள் இரண்டும் பேசும்போது ஒன்றோடொன்று விளிம்பு பிசகாமல் சேர்ந்து, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கின்றன. அந்த விளிம்பில் சின்னதாக ஒரு தடிப்பு வந்தால் போதும், நடுவில் இடைவெளி விழுந்து காற்று கசியும், குரல் கரகரக்கும். அதாவது குரல் நாணில் வரும் புற்று மிகச் சின்ன அளவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதோடு அந்த இடத்தில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் வேறு இடத்துக்குப் பரவவும் நாளாகும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் லேசர் அறுவையோ கதிர்வீச்சோ ஏதாவது ஒன்றே போதும். 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு நோய் குணமாகும், குரலும் மிஞ்சும். முற்றிய பிறகு வந்தால் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் போட்ட துளை வழியாக ஆயுசுக்கும் மூச்சுவிட வேண்டிய நிலை வரலாம். உடம்பு இவ்வளவு சீக்கிரம் மணியடிக்கும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அதையும் மிட்டாய் சப்பி அமுக்கிவிடுவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அதிகம் பேசியதால் கெட்ட குரல் ஒரு நாள் மோசமாகவும் ஒரு நாள் தேவலையாகவும் இருக்கும், வாய்க்கு ஓய்வு கொடுத்தால் தெளியும். நடுவில் ஒரு நல்ல நாள்கூட இல்லாமல் படிப்படியாகக் கனத்துக்கொண்டே போகும் குரல்தான் சந்தேகத்துக்குரியது. 'சிகரெட் குடிப்பவன் குரல் இப்படித்தான் இருக்கும்' என்பதும் பொருந்தாது. எப்போதும் கரகரப்பாக இருந்த குரல் இன்னும் மாறியிருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இதை நம்மைவிட, எப்போதாவது போனில் பேசும் சொந்தக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார். 'என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?' என்று இரண்டு பேர் கேட்டால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குரல் கணீரென்று இருந்தால் பயமில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அடிநாக்கு, டான்சில், குரல்வளைக்குப் பின்னால் உள்ள கீழ்த்தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்று ரொம்ப நாள் குரலைத் தொடவே தொடாது.

வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது

அப்படிப்பட்ட இடத்துப் புற்று பல பேருக்கு முதலில் தெரிவது கழுத்துக் கட்டியாகத்தான். ஷேவ் செய்யும்போது தாடை முனைக்குக் கீழே ஏதோ தட்டுப்படும். தொட்டால் வலிக்காது. 'வலி இல்லையே, ஒன்றும் இருக்காது' என்று அங்கேயே கதை முடிந்துவிடும்.

உண்மை நேர்மாறானது. தொற்றால் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், மென்மையாக இருக்கும், விரலால் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும், தொண்டை வலி போனதும் சுருங்கிவிடும். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் வந்து, வலிக்காமல், கெட்டியாக, இடம் பெயராமல், மெல்ல மெல்லப் பெரிதாகும் கட்டிதான் கவலை தர வேண்டியது. பெரியவர்களுக்குக் கழுத்தில் ஒரு கட்டி 2 வாரத்துக்கு மேல் இருந்தாலே அதற்கு என்ன காரணம் என்று தெரிந்தாக வேண்டும்.

தொற்று என்று நினைத்து மருத்துவர் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம்தான். கட்டி பாதி கரைந்ததும் 'மருந்து கேட்கிறது' என்று சந்தோஷப்பட்டு, மீதிக்கு இன்னொரு கோர்ஸை நாமே கடையில் கேட்டு வாங்குவதுதான் தப்பு. ஒரு கோர்ஸ் முடிந்தும் முழுசாகக் கரையவில்லை என்றால் அடுத்து வேண்டியது மருந்தல்ல, ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனை. ஸ்டீராய்டு மாத்திரையிலும் இதே ஏமாற்று உண்டு. சுற்றியுள்ள வீக்கம் வடிந்து சில நாள் குரல் தெளிந்த மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். உள்ளே பார்க்காமல், வெறும் குரல் கம்மலுக்காக அசிடிட்டி மருந்தோ ஸ்டீராய்டோ எழுத வேண்டாம் என்று நான் மேலே சொன்ன 2018 வழிகாட்டுதலே மருத்துவர்களுக்குச் சொல்கிறது.

காது வலிக்குக் காதை மட்டும் பார்ப்பது

தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புகள் கிளை விடுகின்றன. மூளையிலிருந்து கிளம்பும் ஒன்பதாவது, பத்தாவது நரம்புகள்தான் அவை. அதனால் அடிநாக்கிலோ கீழ்த்தொண்டையிலோ இருக்கும் புண் காதில் வலியாகத் தெரியும். விழுங்கும்போது சுரீர் என்று ஒரு பக்கக் காதுக்குள் இழுக்கும். காதைப் பார்த்த மருத்துவர் 'சுத்தமாக இருக்கிறது' என்பார், சொட்டு மருந்தோடு வீடு திரும்புவோம். காது சுத்தமாக இருக்கிறது, ஆனால் வலிக்கிறது என்றால் அது நிம்மதி தரும் செய்தி அல்ல. 'அப்போ தொண்டையைப் பார்த்தீர்களா?' என்று கேட்க வேண்டிய இடம் அது.

மூக்குக்குப் பின்னால் உள்ள மேல்தொண்டையில் வரும் புற்று இன்னொரு விதம். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்தே இருப்பது, அடிக்கடி மூக்கில் ரத்தம் கசிவது, கழுத்தின் மேல்பகுதியில் கட்டி இதெல்லாம் அதன் அடையாளங்கள்.

எல்லாவற்றிலும் 'ஒரு பக்கம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தொண்டை வலி, ஒரு பக்கக் காது வலி, ஒரு டான்சில் மட்டும் பெருத்திருப்பது. சளியும் அலர்ஜியும் பொதுவாக இப்படிப் பக்கம் பார்த்து வருவதில்லை.

விழுங்க முடியாமல் போவதை நாமே மறைப்பது

விழுங்கும் சிரமம் திடீரென்று ஒரு நாள் வந்து நிற்காது. முதலில் வறட்சியான உணவு மட்டும் லேசாகத் தங்கும். வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கப் பழகுவோம். அப்புறம் இன்னும் நன்றாக மெல்லுவோம், அப்புறம் கெட்டியானதைத் தவிர்ப்போம். எல்லாரும் எழுந்து போன பிறகும் ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேட்டால் 'ஒன்றுமில்லை, பல் சரியில்லை' என்பார். பொய் சொல்லவில்லை. உடம்பு அவ்வளவு நைசாகச் சமாளித்திருக்கிறது. தண்ணீர் குடித்தாலே புரையேறுவது, எச்சிலில் ரத்தக் கோடு, எடை குறைவது எல்லாம் இதற்கு அடுத்த படிகள். எடை குறைந்ததைப் பார்த்து 'நல்லா இளைச்சிருக்கே' என்று பாராட்டுபவர்களும் உண்டு, பாவம்.

ரத்தசோகையும் நாள்பட்ட விழுங்கல் சிரமமும் சேர்ந்திருக்கும் பெண்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு வளரும் பிளம்மர்-வின்சன் என்ற நிலை ஒன்று இருக்கிறது. அது கீழ்த்தொண்டைப் புற்றுக்கு வழி வகுக்கக்கூடியது.

'நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லையே'

புகையிலையும் மதுவும்தான் பெரிய காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பாக்கு மெல்லுவதும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுக்கு ஹெச்.பி.வி (மனித பாப்பிலோமா) வைரஸும், குறிப்பாக அதன் 16ஆம் வகை, காரணமாகிறது. தொற்று வந்து பல வருஷம் கழித்து, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத நடுத்தர வயதுக்காரருக்கு வலிக்காத கழுத்துக் கட்டியாகத் தலைகாட்டும். நல்ல பழக்கம் ஆபத்தைக் குறைக்கும், சந்தேகமில்லை. 2 வாரக் கட்டியைப் பரிசோதிக்காமல் விடுவதற்கு அது லைசென்ஸ் ஆகாது.

கண்ணாடியில் பார்த்து முடிவு கட்டுவது

டார்ச் அடித்து வாயைத் திறந்தால் தெரிவது அண்ணம், டான்சில், பின்சுவர். அவ்வளவுதான். குரல் நாணோ கீழ்த்தொண்டையோ அந்தக் கோணத்தில் தெரியாது. அதனால் 'நானே பார்த்துவிட்டேன், சிவப்புகூட இல்லை' என்பதில் அர்த்தமில்லை. இன்னொரு பக்கம், நாக்கின் பின்பகுதியில் வரிசையாக நிற்கும் சுவை மொட்டு மேடுகளைப் பார்த்துக் கட்டி என்று அலறி, தூக்கம் கெட்டவர்களும் நிறைய. அவை எல்லாருக்கும் இருப்பவை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

குரல்வளையைக் கண்ணாடி கொண்டு பார்க்கும் வழியை 1854இல் கண்டவர் மருத்துவர் அல்ல, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். இப்போது மெல்லிய எண்டோஸ்கோப்பி குழாய் இருக்கிறது. மூக்கில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், தொண்டை கொஞ்சம் தடித்த மாதிரி தோன்றும். குழாய் மூக்கு வழியாக இறங்கும்போது கண்ணில் நீர் வரும், வலி என்று பெரிதாக இருக்காது. 'ஈ' என்று இழுக்கச் சொல்வார்கள், நாண்கள் சேருவதும் பிரிவதும் திரையில் தெரியும். சில நிமிட வேலை. ரத்தப் பரிசோதனை எதுவும் இதற்கு ஈடாகாது. ஸ்கேனில்கூட மேல்தோலில் உள்ள சின்னப் புண் தவறிப் போகலாம்.

பயாப்ஸிக்குப் பயப்படுவது, ஒரே பயாப்ஸியோடு நிறுத்துவது

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. மருத்துவர்கள் முறையாக எடுக்கும் சதைத் துணுக்கால் தொண்டைப் புற்று பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தள்ளிப்போட்ட மாதங்களில் அது தானாகவே பரவும்.

இதன் மறுபக்கத்துக்கு ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் கதையைச் சொல்லலாம். 1887 ஜனவரியில் அவருக்குக் குரல் கம்மியது. குரல் நாணில் வளர்ச்சி இருப்பதைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர்கள் மே மாதம் அறுவை செய்யலாம் என்றார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சி, முதலில் சதையைப் பரிசோதிப்போம் என்று துணுக்கு எடுத்து அனுப்பினார். பரிசோதித்தவர், சதையைச் சோதித்து நோயறியும் நோயியல் துறையின் பிதாமகரான விர்ஹோ. புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்றார். அறுவை நின்றுபோனது. நவம்பரில் புற்று என்பது உறுதியானது, அடுத்த பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட வேண்டிவந்தது. மார்ச்சில் பேரரசராகி, 99 நாள் ஆண்டு, 1888 ஜூன் 15இல் இறந்தார். அந்தக் காலத்து அறுவை அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு விவாதம். துணுக்கு எடுத்த இடத்தில் இல்லை என்றுதான் ஒரு ரிப்போர்ட் சொல்ல முடியும். ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்று வந்தும் குரல் கம்மியே இருந்தால், கட்டி வளர்ந்துகொண்டே இருந்தால், அந்தக் காகிதத்தோடு திரும்பப் போய் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் பயப்படுவதும் தவறுதான்

தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ நிற்கிறது, எச்சில் விழுங்கினால் தெரிகிறது, ஆனால் சாப்பிடும்போது காணாமல் போகிறது. மனசு சரியில்லாத நாட்களில் கூடுகிறது. இது மிகச் சாதாரணமாக வருவது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. புற்றால் வரும் தடை இதற்குத் தலைகீழ்: சாப்பாடு இறங்கும்போதுதான் தடுக்கும், நாளுக்கு நாள் கூடும், வந்து வந்து போகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு முறை எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தினமும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதில் நெறிகள் வீங்கி நோவதுதான் மிச்சம்.

2 வாரம், 3 வாரம் என்ற கணக்கெல்லாம் பொருந்தாத சமயமும் உண்டு. மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரியோ கர்ரென்றோ சத்தம் வருவது, சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, இருமலில் கணிசமாக ரத்தம் வருவது. இதில் எது வந்தாலும் காலையில் போகலாம் என்று படுக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்கு அப்போதே போக வேண்டும்.