ஹோஸ் மாற்றப் போய் ரேடியேட்டரை உடைக்காதீர்கள்

தாப்பா, பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடுகிற பழைய சாகா, வீரா, கஞ்சில் கார் எதுவானாலும் சரி, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற மேல் ரப்பர் ஹோஸை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தாலோ, அதை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். பிசுபிசுவென்று உப்பியிருந்தால், எங்கோ எண்ணெய் ஒழுகி ரப்பரை ஊறவைக்கிறது என்று அர்த்தம், அந்த ஒழுகலை அடைக்காமல் புது ஹோஸ் போட்டுப் பிரயோஜனமில்லை.

ஹோஸ் மலிவான சாமான். காசு போவது அதைக் கழற்றுகிற அவசரத்தில்தான். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த ரப்பர், அது மாட்டியிருக்கிற ரேடியேட்டர் வாயோடு ஒட்டிப்போயிருக்கும், உடனே நம்ம ஆட்கள் திருப்புளியை உள்ளே சொருகி நெம்புவார்கள், இல்லையென்றால் பிளையரால் பிடித்து முறுக்குவார்கள். இப்போதைய ரேடியேட்டர்களில் பெரும்பாலும் அந்த வாய் பிளாஸ்டிக், அதுவும் ஹோஸோடு சேர்ந்து வெந்ததுதான். ஒரு நெம்பில் கீறல் விழுந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாகிவிடும். பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது? பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், வாயில் பிளேடு படாமல். அப்புறம் அதில் ஒட்டியிருக்கிற ரப்பர் துணுக்கு, வெள்ளைப் படிவு எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் புதிதை மாட்டிவிட்டு, ஒழுகுகிறது என்று சிலிக்கான் பூசுகிறவர்கள்தான் அதிகம்.

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் திறக்கிறார்கள். அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

வளைவு ஹோஸ் கிடைக்கவில்லை என்று நேர் ஹோஸை வாங்கி மடக்கிப் போடாதீர்கள், மடிந்த இடத்தில் ஓட்டம் குறையும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற பொத்தோங் கடைப் பழைய ஹோஸும் வேண்டாம், சில வெள்ளி மிச்சம் பிடிப்பதற்கு இது இடமில்லை. மாட்டும்போது வழுக்கவில்லையென்றால் கொஞ்சம் கூலண்ட் தடவினால் போதும், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். கிளிப்பை வாயின் நுனி மேட்டைத் தாண்டி உட்புறமாகத் தள்ளி இறுக்குங்கள், ரப்பர் பிதுங்குகிற அளவுக்கு வேண்டாம். ஸ்ப்ரிங் கிளிப் நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் போடலாம், சூட்டுக்குத் தகுந்தபடி அது தானே இறுக்கிக்கொள்ளும்.

கிணற்றுத் தண்ணீர், பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்புப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலண்ட்தான் சரி. நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் எதோடும் கலக்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான கணக்கு கிடையாது. வடித்த பழைய கூலண்டைக் கால்வாயில் கொட்டுவது படு மோசம். அது இனிப்பாக இருக்கும், தோட்டத்து நாய் நக்கினால் செத்துப்போகும்.

பெரிய தவறு கடைசியில்தான் வரும்: காற்றை வெளியேற்றாமல் மூடிவிடுவது. வண்டி முகப்பு மேடாக இருக்கிற மாதிரி நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். மறுநாள் காலையில் மட்டத்தையும், ஸ்க்ரூ கிளிப்பின் இறுக்கத்தையும் பாருங்கள். கேமரன் மலை ஏறப்போகிற முதல் நாள் மாலையில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள், இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்த பிறகு ஏறுங்கள்.