உங்கள் சொந்த எழுத்து ஓர் ஆய்வேட்டில் இடம்பெற்றிருந்தால்: தென்னாப்பிரிக்காவில் வாழும் தன்பாலீர்ப்புள்ள தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வாழும் தன்பாலீர்ப்புள்ள தமிழர் ஒருவர், தம் காதலைப் பற்றியும், அதை வீட்டில் சொன்ன இரவைப் பற்றியும், காவடித் திருவிழாவில் தம் துணைவரோடு நின்றபோது யார் யார் திரும்பிப் பார்த்தார்கள் என்பதைப் பற்றியும் எழுதிப் பொதுவில் வைக்கிறார். தம்மைப் போன்ற சிலர் படித்து ஆறுதல் அடைந்தால் போதும் என்பதே அவருடைய எண்ணம். பிறகொரு நாள், அந்த வரிகள் ஒரு பல்கலைக்கழக ஆய்வேட்டில் மேற்கோள்களாக எடுத்தாளப்பட்டு, அவற்றின் கீழே ஆண்மை, சாதி, புலம்பெயர்வு என்று அவர் நினைத்தும் பார்க்காத கோணங்களில் விளக்கம் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறார். எனக்கும் இது நேர்ந்தது. என் நண்பர்கள் சிலருக்கும் நேர்ந்தது. அந்த நேரத்தில் பெருமையும் கலக்கமும் சேர்ந்தே வரும் என்பதால், எதை முதலில் செய்வது, எதை ஆறப்போடுவது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அப்படி ஒருவர் வாய்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, முழு ஆய்வேட்டையும் கையில் எடுப்பது. யாரோ அனுப்பிய ஒற்றைப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியங்களில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கின்றன. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு ரிசர்ச்ஸ்பேஸ் என்ற களஞ்சியம் உண்டு, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்துக்கு வயர்ட்ஸ்பேஸ் உண்டு. வேறு எங்கேனும் உங்கள் எழுத்து எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று அறிய, உங்களுக்கே உரிய ஏழெட்டுச் சொற்கள் கொண்ட ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆய்வு எழுத்துகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடலாம். நீங்கள் தமிழில் எழுதி, ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தால் இந்த வழி பயன்படாது; அப்போது உங்கள் புனைபெயரையும் கட்டுரைத் தலைப்புகளையும் ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதக்கூடுமோ அப்படியெல்லாம் எழுதித் தேட வேண்டும். கிடைத்த கோப்பைத் தரவிறக்கி, எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

அதே சூட்டில் உங்கள் மூல எழுத்தை அழித்துவிட வேண்டும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நீங்கள் அழித்தாலும் ஆய்வேட்டில் உள்ள மேற்கோள் அப்படியேதான் இருக்கும். அந்த எழுத்து உங்களுடையது என்பதற்கான சான்று மட்டும் போய்விடும். அடி உதை, வீட்டைவிட்டு வெளியேற்றம், வேலை இழப்பு போன்ற உண்மையான ஆபத்து இருக்குமானால், தேதியோடு கூடிய முழுப் பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகு பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆய்வேட்டில் உங்கள் பெயர் வரும் பக்கத்துக்கு நேரே போகாமல், ஆய்வு முறையைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலானோர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், ஆனால் நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர் உங்கள் எழுத்தை என்னவாகக் கருதினார் என்பதை அந்த அத்தியாயம் சொல்லும். அச்சான நூலைப் போல வெளியான படைப்பாகக் கருதியிருந்தால், நீங்கள் ஓர் எழுத்தாளர். உங்கள் பெயரும் தலைப்பும் முறைப்படி குறிக்கப்பட வேண்டும். ஆய்வில் பங்கேற்ற மனிதர் ஒருவரின் தகவலாகக் கருதியிருந்தால், உங்கள் அடையாளம் மறைக்கப்பட்டிருக்க வேண்டும், பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியும் பெறப்பட்டிருக்க வேண்டும்; அந்த அனுமதிக் கடிதமோ அதன் எண்ணோ ஆய்வேட்டின் முன்பக்கங்களிலோ பின்னிணைப்பிலோ பெரும்பாலும் இருக்கும். சிக்கல் எழுவது இவ்விரண்டும் கலக்கும்போதுதான். படைப்பு என்று சொல்லி அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டு, பிறகு எழுதியவரின் மனத்தையும் குடும்பத்தையும் நோயாளியை ஆராய்வதுபோல் அலசியிருந்தால், கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இணைய ஆய்வாளர் சங்கம் 2002 முதல் வெளியிட்டுவரும் நெறிமுறைகளும், பொதுவில் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்றை எப்படியும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது என்பதை வலியுறுத்துகின்றன.

அடுத்து, உங்களை யாராவது கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். புகழைவிடவும் விளக்கத்தைவிடவும் இதையே நான் முன்னால் வைப்பேன். பெயரை மாற்றிவிட்டதால் அடையாளம் மறைந்தது என்று ஆய்வாளர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் எடுத்துத் தந்த ஒரு வாக்கியத்தைத் தேடுபொறியில் இட்டால் மூலம் நேரே வந்து நிற்கும். நம் ஊர்களில் தேடுபொறிகூடத் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, ஆய்வேட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "பங்கேற்பாளர் ஒன்பது, முப்பதுகளின் நடுவில் இருக்கும் கணித ஆசிரியர், தாய் ஒவ்வோர் ஆண்டும் புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கரகம் எடுப்பவர், தந்தை சர்க்கரை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்." லண்டனில் உட்கார்ந்து ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியருக்கு இதில் பெயரே இல்லை. டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஆன்ட்டிக்கோ, "அட, இது நம்ம மூட்லி வீட்டுப் பிள்ளையில்ல?" என்று கேட்க இந்த மூன்று செய்திகளே போதும். ஆகவே ஒரு தாளை எடுத்து, தொழில், வயது, கோயில், தெரு, பள்ளி, நோய், குடும்பப் பெயர் என்று உங்களைப் பற்றிச் சிதறிக் கிடக்கும் விவரங்களைப் பக்க எண்ணோடு ஓரிடத்தில் எழுதிப் பாருங்கள். தனித்தனியே தீங்கற்றவையாக இருப்பவை சேர்ந்து நிற்கும்போது யாரைக் காட்டுகின்றன என்பது அப்போது தெரியும்.

அந்தத் தாளில் உங்களோடு வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். நீங்கள் தெரிந்தே எழுதினீர்கள். உங்கள் அம்மாவும், இன்னும் வெளியே சொல்லாத உங்கள் பழைய காதலரும் அப்படி எழுதவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைக் கேட்டே நடக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பிரிவு 9இல் பாலீர்ப்பின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. பிரிவு 14 தனியுரிமையைக் காக்கிறது. பிரிவு 16 ஆய்வுச் சுதந்திரத்தையும் காக்கிறது. ஆகவே உங்களைப் பற்றி ஆராயவே கூடாது என்று எவரையும் தடுக்க இயலாது. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான அளவு மேற்கோள் காட்டுவதை அனுமதிக்கிறது, ஆனால் மூலத்தையும் அதில் உள்ள ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. ஒரு முழுக் கட்டுரையைப் பின்னிணைப்பில் அப்படியே சேர்த்திருந்தால், அது மேற்கோள் என்ற வரம்பைத் தாண்டியது என்று வாதிட இடமுண்டு.

'போபியா' என்று சுருக்கி அழைக்கப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதைவிட நமக்கு நெருக்கமானது. 2013இல் இயற்றப்பட்டு 2021 ஜூலை முதல் முழுமையாகச் செயற்படுத்தப்படும் இச்சட்டம், ஒருவருடைய பாலியல் வாழ்வு பற்றிய தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்க்கிறது. பொதுநலனுக்கான ஆய்வுக்கு அதில் விலக்கு உண்டு. சம்பந்தப்பட்டவர் தாமே வேண்டுமென்று வெளியிட்ட தகவலுக்கும் விலக்கு உண்டு. உங்கள் எழுத்து இந்த இரண்டாம் விலக்குக்குள் வந்துவிடக்கூடும். ஆனால் உங்கள் காதலரைப் பற்றிய தகவலை அவர் வெளியிடவில்லை, நீங்கள்தான் வெளியிட்டீர்கள். அவரை அடையாளம் காட்டும் வரிகளை மாற்றச் சொல்லும்போது இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுங்கள். என் அனுபவத்தில், பொறுப்புள்ள ஆய்வாளர்கள் இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள்.

இனி ஆய்வாளருக்கு எழுதுவது. நம் சமூகத்தில் அவர் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பெரியம்மா மூலமாகவோ கோயில் குழுவில் இருக்கும் மாமா மூலமாகவோ ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் மறைக்க விரும்பிய செய்தி அந்த வழியிலேயே ஊருக்குப் போய்விடும். நேரே மின்னஞ்சல் அனுப்புங்கள். புனைபெயரில் எழுதுகிறவராக இருந்தால், உண்மைப் பெயரைச் சொல்லாமலே உங்களை நிறுவ ஒரு வழி இருக்கிறது: உங்கள் எழுத்து வெளியான அதே இடத்தில், ஆய்வாளரும் நீங்களும் முன்கூட்டியே பேசிக்கொண்ட ஒரு சிறு தொடரை ஒரு நாள் மட்டும் இட்டுவைத்துவிட்டு எடுத்துவிடலாம். அந்த இடத்தில் எழுதும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு என்பதால் அதுவே போதிய சான்று.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"மதிப்புக்குரிய ஆய்வாளருக்கு, வணக்கம். உங்கள் ஆய்வேட்டின் இன்ன பக்கங்களில் எடுத்தாளப்பட்டுள்ள வரிகளை எழுதியவன் நான். எங்கள் வாழ்க்கையை ஆய்வுக்குரியதாக நீங்கள் கருதியதை மதிக்கிறேன். எனினும், இன்ன பக்கத்தில் தொழில், கோயில், ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதால் என் தாயை எளிதில் அடையாளம் காண முடிகிறது. அவர் இதற்கு இசைவு தந்தவர் அல்லர். அந்த விவரங்களை நீக்கி, நேரடி மேற்கோள்களைப் பொருள் மாறாமல் உங்கள் நடையில் எழுதித் திருத்திய பிரதியைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுகிறேன். இந்த எழுத்தைப் பற்றி மேலும் கட்டுரைகள் வெளியிடும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்கவும்."

கேட்பது எதுவாயினும் இப்படிப் பக்க எண்ணோடு, செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆய்வேட்டையே திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டால் பதில் வருவது அரிது. ஒரு பத்தியைத் திருத்தவோ, திருத்தம் முடியும்வரை கோப்பைப் பொதுப் பார்வையிலிருந்து நிறுத்திவைக்கவோ கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். இதற்கு நேர்மாறாக, உங்கள் பெயர் விடுபட்டதுதான் குறை என்றால் அதையும் தயங்காமல் கேளுங்கள். சொந்தப் பெயரில் துணிந்து எழுதிய ஒருவரைப் பாதுகாப்பு என்ற பெயரில் 'பங்கேற்பாளர் ஒன்பது' ஆக்கிவிடுவதும் அவமதிப்புதான்.

பதில் வரவில்லையானால் முதல் பக்கத்தில் பெயர் உள்ள நெறியாளருக்கும், அதன் பிறகு ஆய்வு நெறிக் குழுவுக்கும் எழுதலாம். புகார் செய்பவரின் அடையாளத்தை வெளியே சொல்லாமல் காக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனித்தகவல் தொடர்பான புகார் அங்கே தீராவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம்.

விளக்கம் பிடிக்கவில்லை என்பது வேறு வகையான குறை. நீங்கள் மகிழ்ச்சியாக எழுதிய ஒரு பகுதியை அடக்குமுறையின் சான்றாக ஆய்வாளர் படித்திருக்கலாம். அம்மாவின் மௌனத்தை அன்பு என்று நீங்கள் எழுதியிருக்க, அதை மறுப்பு என்று அவர் எழுதியிருக்கலாம். உண்மைப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். ஆனால் வாசிப்பு என்பது வாசிப்பவருடையது. அதைத் தடுக்கும் அதிகாரம் எழுதியவனுக்கு வேண்டும் என்று நான் கருதவில்லை. மறுப்பு இருந்தால் அதை நீங்களே எழுதி வெளியிடுவதுதான் சரி. அடுத்த ஆய்வாளர் இரண்டையும் சேர்த்தே படிப்பார்.

துணைவருக்கும் வீட்டாருக்கும் எப்போது சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். துணைவருக்கு உடனே சொல்லுங்கள், அவர் வரும் பக்கங்களைக் காட்டுங்கள். உங்களை ஏற்றுக்கொண்ட குடும்பமாக இருந்தால், ஆய்வாளருக்கு எழுதும் முன் அம்மாவிடம், "அம்மா, நான் எழுதுனதுல உங்களப் பத்தி வர்ற இடத்த ஒரு யூனிவர்சிட்டில எடுத்துப் போட்டிருக்காங்க, இருக்கட்டுமா, எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று கேட்பது முறை. அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால், நீங்கள் கேட்க நினைத்த திருத்தங்களில் பாதி தேவையற்றுப் போகலாம். இன்னும் வெளியே சொல்லாதவர்கள் இந்த ஆய்வேட்டைக் காரணமாக வைத்து அவசரமாக எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வாளர் நல்லவராக இருந்தால், பேட்டிக்கு அழைப்பார். ஒப்புதல் படிவத்தில் ஒலிப்பதிவு எங்கே, எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், எழுதியதை வெளியிடும் முன் உங்களுக்குக் காட்டுவார்களா, நடுவில் விலகிக்கொள்ளலாமா என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இதே நாட்டின் தொல்குடிகளான சான் மக்கள், தங்களை ஆராய வருவோர் மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றோடு நடந்துகொள்ள வேண்டும் என்று 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறித் தொகுப்பையே வெளியிட்டார்கள்.

உங்கள் எழுத்துக்கு ஆய்வு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தபின், அதை எங்கே வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்வதும் நல்லது. நம்மைப் போன்றவர்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்க 1997இல் தொடங்கப்பட்ட காலா ஆவணக் காப்பகம் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் இயங்குகிறது. 1990இல் அந்நகரில் நடந்த, தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமைப் பேரணியின் (பிரைடு) முன்னோடிகளுள் ஒருவரான சைமன் இன்கோலியின் தாள்கள் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. 1860இல் வந்த டுரூரோ கப்பல் முதலாக டர்பனில் வந்திறங்கியவர்களின் வழிவந்த நம் குடும்பங்களைப் பற்றிக் கரும்புத் தோட்டங்களும் கோயில்களும் பதிவு செய்தது நிறைய. அந்தக் குடும்பங்களில் ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்பி எப்படி வாழ்ந்தான் என்பதைச் சொல்லும் தாள்களை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். கொடுக்கும் முன், எந்தப் பகுதியை இப்போதே படிக்கலாம், எதை உங்கள் தாயின் காலத்துக்குப் பின் திறக்கலாம் என்று நிபந்தனை விதிக்க முடியுமா எனக் காப்பகத்தாரிடம் பேசுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. இனி எழுதி வெளியிடும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், ஆய்வுக்காக மேற்கோள் காட்ட விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து, அதற்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அது சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வரிகளைப் படித்த பிறகும் கேட்காமல் எடுத்த ஆய்வாளர், தம் நெறிக் குழுவுக்கு அதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.