அரிய இத்தாலியக் குடும்பப்பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி: 'பெஸ்கி'யை வைத்து ஒரு செய்முறை

இத்தாலியக் குடும்பப்பெயர் ஒன்று கையில் கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது அதன் பொருளைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஊர், அடுத்து காலம், அதன் பிறகே பொருள். ரொஸ்ஸி, ருஸ்ஸோ போல ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்த பெயர்களுக்கு இந்த வரிசை பெரிதாக உதவாது. கொஞ்சம் குடும்பங்களிடம் மட்டும் இருக்கும் அரிய பெயருக்கோ இதைவிட்டால் வேறு வழியில்லை.

எடுத்துக்காட்டுக்கு நமக்குப் பழக்கமான பெயரையே எடுத்துக்கொள்வோம்: பெஸ்கி. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் குடும்பப்பெயர். அவர் பிறந்தது 1680இல், காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். வட இத்தாலியில் கார்தா ஏரிக்குத் தெற்கே, இன்றைய லொம்பார்தியா மாநிலத்தின் மாந்துவா மாவட்டத்தில் இருக்கிறது அது.

எழுத்துக்கூட்டல்

தேடலில் பாதித் தோல்வி இங்கேதான் நடக்கிறது. பெஸ்கி என்பதை இத்தாலியர் பி, ஈ, எஸ், சி, எச், ஐ (Beschi) என்று எழுதுவார்கள். ஈ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் வரும் சி, நடுவில் எச் இருந்தால்தான் 'க' ஒலி தரும். எச் விட்டுப்போனால் அது 'பெஷி' ஆகிவிடும். அது வேறு பெயர்.

பழைய பதிவேடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 18ஆம் நூற்றாண்டு வரை சொல்லின் நடுவில் வரும் எஸ்ஸை நீளமாக இழுத்து எழுதினார்கள். பார்க்க அப்படியே எஃப் மாதிரி இருக்கும். அட்டவணை தயாரித்தவர் அதை எஃப் என்றே படித்து ஏற்றியிருப்பார். பெரிய எழுத்து பி (B), ஆர் (R) ஆகவும் பீ (P) ஆகவும் மாறியிருக்கும். ஆகவே தேடும்போது முதலெழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், உயிரெழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். வம்சாவளிப் பதிவுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச் தளம் கேள்விக்குறியையும் நட்சத்திரக் குறியையும் ஏற்கும். லத்தீனில் எழுதிய குருமார்களும் நோட்டரிகளும் குடும்பப்பெயரை லத்தீனாக்கிவிடுவார்கள்: ஃபெர்ராரி என்பது 'தெ ஃபெர்ராரீஸ்' என்று நிற்கும். அதே கணக்கில் 'தெ பெஸ்கிஸ்' என்றும் தேட வேண்டும். தெற்கத்திப் பெயர் என்றால் லோ, லா, தெ, தி போன்ற முன்னொட்டைச் சேர்த்தும் பிரித்தும் இருமுறை தேடுங்கள். 'லகனா' மாதிரி கடைசி எழுத்தில் அழுத்தக்குறி உள்ள கலாப்ரியப் பெயர்கள் வெளிநாட்டுப் பதிவுகளில் குறியை இழந்திருக்கும்.

இன்று எங்கே, எத்தனை பேர்?

இத்தாலியின் புள்ளியியல் நிறுவனமான இஸ்தாத், பிறக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களின் எண்ணிக்கையைத் தேடிப் பார்க்க வசதி தருகிறது. குடும்பப்பெயர்களுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. ஆகையால் எல்லாரும் போவது கொன்யோமிக்ஸ், ஜென்ஸ் மாதிரியான குடும்பப்பெயர் வரைபடங்களுக்கு. இவை தொலைபேசி அடைவை அடிப்படையாகக் கொண்டவை. அங்கே தெரியும் எண் சந்தாதாரர்களின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கை இல்லை. லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருவதால் புதிய அடைவைவிடப் பழைய அடைவே நம்பகமான படம் தரும்.

சந்தாதாரர் எண்ணிக்கையைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்குமா? தவறு என்றுதான் முதலில் தோன்றும். இத்தாலியில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறாள். ஆக பெஸ்கி வீட்டு மருமகள் பெஸ்கி இல்லை, வேறு வீட்டுக்குப் போன பெஸ்கி மகள் கணக்கில் வருவதில்லை. ஆனால் இந்த இரண்டு பிழைகளும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. எனவே சராசரி 2.3 பேர் என்று வைத்துப் பெருக்கலாம். கிடைக்கும் விடையை நூற்றுக்கு முழுமையாக்கிச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் வரை சொல்லும் எந்தத் தளத்தையும் நம்ப வேண்டாம். உலகளாவிய குடும்பப்பெயர்த் தளங்கள் தரும் எண்கள் பெரும்பாலும் கணிப்புகள். அரிய பெயர்களில் அவை மோசமாகப் பிசகும்.

பூர்வீகத்துக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல, அடர்த்தி. ஒரு கற்பனைக் கணக்கு: 90,000 குடும்பங்கள் உள்ள நகரத்தில் அந்தப் பெயர் 60 வீடுகளில் இருக்கிறது, 9,000 குடும்பங்கள் உள்ள சிற்றூரில் 30 வீடுகளில். வரைபடத்தில் நகரம்தான் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் ஆயிரம் குடும்பத்துக்கு எத்தனை என்று பார்த்தால் நகரத்தில் 0.67, சிற்றூரில் 3.3, அதாவது ஐந்து மடங்கு. தேடலைச் சிற்றூரில் தொடங்குங்கள். 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து மிலானுக்கும் தூரினுக்கும் பெருங்கூட்டமாக மக்கள் வேலை தேடிப் போனதால், அந்த இரு நகரங்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் பெயர் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தது என்று கொள்ளலாம். தொடர்பில்லாத இரண்டு மூன்று இடங்களில் குவிந்தால் தனித்தனியே பிறந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனிப் பெயராகவே ஆராய வேண்டும். பெயர் தாங்கிய பிரபலங்களின் பிறந்த ஊர்களும் ஒரு சிறு துப்பு. பெர்கமோ ஆயர் பிரான்செஸ்கோ பெஸ்கி 1951இல் பிரேஷ்யாவில் பிறந்தவர். அது காஸ்திலியோனேயிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். துப்பு மட்டும்தான், சான்று அல்ல.

இத்தாலிக்கு வெளியேயும் பாருங்கள். 1876 முதல் 1915 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் அங்கிருந்து வெளியேறினார்கள். சில பெயர்கள் பிறந்த ஊரில் அற்றுப்போய் பிரேசிலிலோ அர்ஜென்டினாவிலோ மட்டும் வாழ்கின்றன. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நூறு பேருக்குக் குறையாத குடும்பப்பெயர்களை மட்டும் வெளியிட்டது. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அதுவே ஒரு தகவல். பிரான்சில் 1891 முதல் 1990 வரையான பிறப்புகளை இருபத்தைந்து ஆண்டுக் கட்டங்களாகப் பிரித்து மாவட்டவாரியாகப் பார்க்க ஜியோபாத்ரோனிம் தளம் உதவும். அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்பி நேரம் செலவிடாதீர்கள். அங்கிருந்த எழுத்தர்கள் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிவந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள்.

பதிவேடுகளில் பின்னோக்கி

ஊர் தெரிந்ததும் ஆவணம். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அந்தெனாத்தி' தளம் இலவசம். பெயரைத் தட்டித் தேடினால் அட்டவணையிடப்பட்ட பகுதி மட்டுமே வரும். "இல்லை" என்று வந்தால் பதிவு இல்லை என்று பொருளில்லை. மாவட்டக் காப்பகம், ஊர், ஆண்டு என்று இறங்கி, ஒவ்வொரு பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அகரவரிசையைப் பாருங்கள். பத்தாண்டுக்கு ஒன்றாக உள்ள தொகுப்பு அட்டவணை கிடைத்தால் வேலை மளமளவென்று நடக்கும். பத்தாண்டுவாரியாகப் பிறப்புகளை எண்ணிக்கொண்டே போங்கள். பெயர் பெருகியதா தேய்ந்ததா என்பதும் கையோடு தெரிந்துவிடும்.

எந்த ஆண்டிலிருந்து பதிவு கிடைக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. லொம்பார்தியாவில் நெப்போலியன் ஆட்சியின்போது 1806 முதல் 1815 வரை அரசுப் பதிவு இருந்தது. அடுத்து ஆஸ்திரியர் காலத்தில் அந்த வேலையைப் பங்குகளின், அதாவது கோயில் வட்டாரங்களின், குருமார் செய்தார்கள். 1866இல் இத்தாலிய அரசின் பதிவு தொடங்கியது, வெனிஸைச் சுற்றியுள்ள வெனெத்தோவில் 1871இல். நடுவில் உள்ள ஐம்பது ஆண்டுகளுக்குக் கோயில்தான் கதி. தெற்கில் நேப்பிள்ஸ் பக்கம் 1809இல் தொடங்கிய அரசுப் பதிவு தொடர்ச்சியாக வருகிறது. அங்கே திருமணப் பதிவோடு இணைத்த தாள்களைத் தவறவிடாதீர்கள். மணமக்களின் திருமுழுக்குச் சான்று, தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, சில வேளை தாத்தாவினுடையதும் இருக்கும். அந்த ஒரே தாள்கட்டை வைத்து 18ஆம் நூற்றாண்டுக்குள் போய்விடலாம்.

அதற்கும் முன்னால் பங்குப் பதிவேடுகள். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கிலும் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. இறப்புப் பதிவை 1614இல் வந்த உரோமைச் சடங்குமுறை நூல் சேர்த்தது. பதிவில் தந்தை பெயருக்கு முன் 'குவொந்தாம்' என்றோ வெறும் 'க்யூ' எழுத்தோ இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை. இதை நடுப்பெயர் என்று நினைத்து வம்சாவளியில் ஏற்றியவர்கள் ஏராளம். 'தெத்தோ' என்று வந்தால் பின்னால் வருவது பட்டப்பெயர். ஒரே குடும்பப்பெயர் ஊரையே நிறைத்த இடங்களில் இந்தப் பட்டப்பெயர்தான் கிளையைக் காட்டும். வெனிஸ் அருகே கியோஜ்ஜாவில் பொஸ்கொலோ, தியொத்ஸோ குடும்பத்தார் அதை இன்றும் அதிகாரபூர்வ ஆவணங்களில் எழுதுகிறார்கள்.

இங்கே எல்லைகளைக் கவனிக்க வேண்டும். காஸ்திலியோனேயையே பாருங்கள். வீரமாமுனிவர் பிறந்தபோது அது கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட தனிச் சிற்றரசு. பக்கத்துப் பிரேஷ்யாவோ வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. ஆனால் திருச்சபைக் கணக்கில் காஸ்திலியோனே பிரேஷ்யா மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1580இல் அந்த மறைமாவட்டத்தைப் பார்வையிட வந்த மிலான் பேராயர் கார்லோ பொரோமெயோ, இதே ஊரில்தான் சிறுவன் அலோசியஸ் கொன்சாகாவுக்கு, அதாவது நம் கோயில்களில் நிற்கும் ஞானப்பிரகாசியாருக்கு, புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தார். இன்று ஊர் மாந்துவா மறைமாவட்டத்தில் இருக்கிறது. அரசு நிர்வாகமும் இப்படித்தான் ஆடியிருக்கிறது: 1859 முதல் 1868 வரை பிரேஷ்யா மாவட்டம், பிறகு மாந்துவா. இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பி மாந்துவாவில் தேடி "ஒன்றுமில்லை" என்று முடிப்பவர் பாதிப் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. எந்த ஊராக இருந்தாலும், தேடும் ஆண்டில் அது எந்த அரசு, எந்த மாவட்டம், எந்த மறைமாவட்டம் என்று மூன்று பத்திகளில் ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

1563க்கு முன்னால் நோட்டரி ஆவணங்களும் வரிப் பட்டியல்களும்தான். பிரேஷ்யாவில் குடும்பத் தலைவர்களே எழுதிக் கொடுத்த 'எஸ்திமோ' வரி அறிக்கைகள் உள்ளன; ஃப்ளோரன்சில் 1427 வரிப் பதிவேடு. அந்தக் காலத்தில் பலருக்குக் குடும்பப்பெயரே இல்லை. 'பேதுருவின் மகன் யோவான்' என்ற அளவில் சங்கிலி அறுந்தால், அதுதான் பெயர் பிறந்த காலம்.

பொருள்

இத்தாலியக் குடும்பப்பெயர்கள் தந்தை பெயர், ஊர், தொழில், பட்டப்பெயர் என்ற நான்கில் ஒன்றிலிருந்து வந்தவை. ஈற்றெழுத்து வட்டாரத்தைக் காட்டும். கொல்லன் என்ற ஒரே தொழில் எமிலியாவிலும் லொம்பார்தியாவிலும் ஃபெர்ராரி, பியெமொந்தேயில் ஃபெர்ரேரோ, தெற்கில் ஃபெர்ராரோ, வெனெத்தோவில் ஃபவேரோ, தொஸ்கானாவிலும் ரொமாஞ்ஞாவிலும் ஃபப்ரி. வெனெத்தோவில் ஈற்று உயிர் உதிர்ந்து த்ரெவிஸான், ஃபுர்லான் என்று முடியும். சர்தேஞ்ஞாவில் பிராஸ், மெலிஸ். சிசிலியின் கஞ்ஜேமி, நாவிதரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு விளக்கத்தை ஏற்குமுன் மூன்றைக் கேளுங்கள். கிடைத்ததிலேயே பழைய எழுத்துக்கூட்டலோடு அது ஒத்துப்போகிறதா? அந்த வட்டாரப் பேச்சில் அப்படி ஒலி மாறுமா? அந்தச் சொல்லோ ஊர்ப்பெயரோ அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருந்ததா? மூன்றும் தேறாத விளக்கம் அலங்காரம். 'பெஸ்கி'க்கு யாராவது சிசிலியிலிருந்து பொருள் கொண்டுவந்தால் மூன்றாவது கேள்வியிலேயே அது விழுந்துவிடும்.

பொருள் சரியாக இருந்தும் வரலாறு வேறாக இருக்கும் பெயர்களும் உண்டு. கொலொம்போ என்றால் புறா. ஆனால் மிலானில் அந்தப் பெயர் பெருகியதற்கு ஒரு காரணம், புறாவைச் சின்னமாகக் கொண்ட பெரிய மருத்துவமனையில் விடப்பட்ட குழந்தைகளுக்கு அதையே குடும்பப்பெயராக வைத்தது. நேப்பிள்ஸின் எஸ்போஸிதோ, ஃப்ளோரன்சின் இன்னொச்சேந்தி எல்லாம் இந்த வகை. 19ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் புதிதாகப் பெயர் புனைந்ததும் உண்டு. ஆகவே மிக அரிய பெயர் ஒன்று 1820இலோ 1850இலோ திடீரென்று தோன்றி, அதற்கு முன் சுவடே இல்லையென்றால், கைவிடப்பட்ட குழந்தைகளை அங்கே ஏற்ற இல்லத்தின் பதிவேட்டைக் கேளுங்கள். வடகிழக்கில் இன்னொரு பொறி: 1926, 1927 ஆண்டுகளின் ஆணைகளுக்குப் பிறகு ஸ்லாவிய, ஜெர்மானியப் பெயர்கள் இத்தாலியமாக்கப்பட்டன. வொதொபிவெத்ஸ் என்பது பெவிலாக்குவா ஆனது. திரியெஸ்தேயில் பெவிலாக்குவா என்று பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

குடும்பச் சின்னம் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அதே பெயருள்ள ஏதோ ஒரு பிரபுக் குடும்பத்தின் சின்னத்தைத்தான் உங்களுக்கு அச்சடித்துத் தருவார்கள்.

கடிதம் எழுதும்போது

இணையத்தில் இல்லாததை ஊராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கோ பங்குக்கோ எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். இத்தாலிய மொழியில், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு பதிவு; பெயர், தந்தை பெயர், பத்தாண்டைத் தாண்டாத கால வரம்பு. "இந்தக் குடும்பத்தைப் பற்றி உள்ளதெல்லாம் அனுப்புங்கள்" என்ற கடிதத்துக்குப் பதில் வராது. முழு நகல் வேண்டுமென்றால் 'கோப்பியா இன்தெக்ராலே' என்று கேளுங்கள்; பதிவாகி எழுபது ஆண்டு கடந்திருந்தால் உறவினர் அல்லாதவருக்கும் கொடுப்பார்கள். பங்குக்கு எழுதினால் சிறு நன்கொடை அனுப்ப விருப்பம் என்று ஒரு வரி சேர்ப்பது மரியாதை. ஆகஸ்ட் மாதத்தில் அனுப்பாதீர்கள். 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டி அலுவலகங்கள் பாதி வெறிச்சோடிக் கிடக்கும். செப்டம்பரில் குவிந்திருக்கும் கட்டின் அடியில் உங்கள் கடிதம் போய்விடும்.